நான்கு கண்ணாடிக்கு ஒரு கைப்பிடி

கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற கைப்பிடி ஒன்றே ஒன்று இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும். எங்கள் வீட்டில் ஆறு வருடம் அப்படித்தான் ஓடியது. வெயில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து ஒரு சின்னக் கை என் தோளுக்குப் பக்கத்தில் நீளும். "அப்பா, கைப்பிடி." நான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். மகள் அதைச் செருகித் தன் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு அம்மாவிடம் நீட்டுவாள். அம்மா தன் பக்கத்தை இறக்கிவிட்டு என்னிடம் தருவாள். மழை பிடித்துக்கொண்டால்தான் கூத்து. மூன்று பேரும் ஒரே கைப்பிடிக்கு அடித்துக்கொள்வோம். யார் அதிகம் நனைந்தார்கள் என்று வீட்டுக்கு வந்து பஞ்சாயத்து நடக்கும்.

நீங்கள் கேட்பது பிரேக்கைப் பற்றி. அதற்கு வருகிறேன், ஐயா. எட்டு வருடம் முன்பு உங்கள் காவல் நிலையத்தில் மூடிய கோப்பைத் தூசி தட்ட வைத்துவிட்டேன், சிரமத்துக்கு மன்னியுங்கள். உங்கள் மேஜைமேல் நான் வைத்திருக்கிற இந்த பிஸ்கட் டப்பாவை இப்போது திறக்க வேண்டாம். சொல்லும்போது திறந்தால் போதும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். விபத்தில் சிக்கிய வண்டிகளைக் காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சுற்றிப் பார்த்து, எது எதனால் உடைந்தது என்று எழுதிக் கொடுப்பவன். இருபத்தேழு வருடம் எழுதினேன். ஒருவர்கூட என் அறிக்கையைத் தப்பு என்று திருப்பி அனுப்பியதில்லை.

எங்கள் முதல் கார் ஒரு பால்நிறக் கிழம். 'கிழவி' என்றே கூப்பிடுவோம். வளைவில் திரும்பினால் இடப்பக்கக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். என் மனைவி ஒரு துண்டைக் கதவில் கட்டி, நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். "கார்ல போறேனா, கன்னுக்குட்டியைப் புடிச்சிட்டுப் போறேனான்னே தெரியல" என்பாள். மகள் பிறந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான். பாதி வழியில் நின்றுபோனது. அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன். "ஏங்க, சாப்பிட்டீங்களா இல்லையா, வண்டி நகரவே இல்லையே" என்று தலையை வெளியே நீட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கிழவியிடம் எனக்குப் பிடிக்காத ஞாபகமும் ஒன்று உண்டு. மகளுக்கு மூன்று வயது ஆனபோது என் மனைவிக்கு ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை கிடைத்தது. அவள் வரமாட்டாள் என்று நானே அந்த மருத்துவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். வீட்டில் ஆள் இல்லாமல் குழந்தையை யார் பார்ப்பது? சொன்னதைக் காரில் போகும்போது அவளிடமும் சொன்னேன். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அவள் துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, நிற்கிற வண்டிகளுக்கு நடுவில் புகுந்து போய்விட்டாள். பச்சை விழுந்தது. பின்னாலிருந்து எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். கதவு ஆவென்று திறந்து கிடக்க, துண்டு தரையில் தொங்க, நான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான்காம் நாள் திரும்பி வந்தாள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நான் குரல் உயர்த்தியதே கிடையாது, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் கிழவியைத் தள்ளிவிட்டுப் பழைய நீல வண்டி ஒன்றை வாங்கினேன்.

இப்போது டப்பாவைத் திறக்கலாம். மூன்று கண்ணாடிக் கைப்பிடிகள். அடியில் இருக்கிற மூன்றும் கதவை உள்ளிருந்து திறக்கிற பிடிகள். எல்லாம் அந்த நீல வண்டியில் வந்தவை. ஒன்றுகூட உடையவில்லை, பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவும்போது ஒவ்வொன்றாக நான்தான் கழற்றினேன். அவசரப்படவில்லை, ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். பழைய வண்டி, ஒவ்வொன்றாக உடைகிறது, பாகம் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னேன். ஓட்டுகிறவனின் கதவு மட்டும் உள்ளிருந்து திறக்கும். மற்ற மூன்றையும் நான் இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிட வேண்டும்.

எங்கள் மெக்கானிக்குக் கரடி என்று பட்டப்பெயர். முகம் முழுக்கத் தாடி, மனசு பஞ்சு. "சார், இதே மாடல் பிடி நம்ம கடையிலயே சும்மா கிடக்கு. அஞ்சு நிமிஷம், மாட்டித் தரேன்" என்றான்.

"வேணாம்பா. குழந்தை ஓடுற வண்டியில கதவைத் திறந்துட்டா என்ன பண்றது?" என்றேன்.

அது பொய்யில்லை. அப்படி விழுந்த குழந்தைகளைப் பற்றி நான் அறிக்கை எழுதியிருக்கிறேன். விசேஷ வீடுகளில் நான் கதவைத் திறந்து மனைவியை இறக்குவதைப் பார்த்து, "ராணி மாதிரி வச்சிருக்காருப்பா" என்று பேசிக்கொண்டார்கள். அவள் மட்டும் புடவையைச் சரிசெய்தபடி தரையைப் பார்ப்பாள். மகளுக்கோ அதெல்லாம் விளையாட்டு. "அப்பா வந்தாத்தான் நாங்க இறங்குவோம்" என்று தோழிகளிடம் பெருமையடிப்பாள்.

போகப் போக ஹேண்ட் பிரேக்கும் தளர்ந்தது. கேபிள் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று கரடி மூன்று முறை சொன்னான். அடுத்த தடவை பார்க்கலாம் என்று மூன்று முறையும் நான்தான் தள்ளிப்போட்டேன். எங்களிடம் ஒரு செங்கல் இருந்தது. எங்கே நிறுத்தினாலும் டிக்கியிலிருந்து எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பேன். மகள் அதற்குச் சாயத்தால் இரண்டு கண்ணும் முறுக்கு மீசையும் வரைந்து, காவல்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். வண்டி நின்றதும் உள்ளே இருந்தபடி அதிகாரமாகக் கேட்பாள்: "காவல்காரர் டூட்டிக்கு வந்தாச்சா?" நான் வெளியிலிருந்து, "வந்தாச்சுங்க அம்மா" என்பேன். அதற்குப் பிறகுதான் இறங்குவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். எப்போதும் முன்னால் உட்காருகிறவள் அன்று மகளோடு பின்னால் உட்கார்ந்தாள். பாதி தூரம் போன பிறகு, "எங்களை அங்க இறக்கி விட்டுட்டு நீங்க திரும்பிடுங்க. நாங்க இனிமே அங்கயே இருந்துக்கறோம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காய்கறி வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னாள்.

நான் வண்டியை ஏரிப் பக்கம் திருப்பினேன். பேசினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். படகு இறக்குகிற சரிவில், தண்ணீரைப் பார்த்தபடி நிறுத்தினேன். நான் பேசினேன். அவள் "கதவைத் திறங்க" என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிக்கட்டும் என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கைப்பிடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மேலே இருந்த டீக்கடைக்கு நடந்தேன்.

டீ கைக்கு வருவதற்குள் கடைக்காரர் கத்தினார். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. திறக்கக்கூடிய ஒரே கதவும் முன்பக்கம்தான் இருந்தது. அதுதான் முதலில் மூழ்கியது. நான் ஓடினேன், ஐயா. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பின்கதவை இழுத்தேன். ஆறு வருடம் நான் திறந்த கதவு அன்று திறக்கவில்லை. உள்ளே இருவரும் கண்ணாடியைத் தட்டினார்கள். மகள் கையை விரித்து என் பக்கம் நீட்டினாள். கைப்பிடியைக் கேட்டாள். அது என் பையில் இருந்தது.

கடையிலிருந்தவர்கள் குதித்து வெளியே எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கு முப்பத்தைந்து வயது. மகளுக்கு ஒன்பது.

விசாரணையில் நான் எழுதிக் கொடுத்தது உங்கள் கோப்பில் இருக்கும். பத்து நாள் முன்புதான் வண்டி சர்வீசுக்குப் போய் வந்தது. ஹேண்ட் பிரேக் கச்சிதமாக இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார். அதை நம்பிச் செங்கல் வைக்க மறந்துவிட்டேன். ஒழுங்கான அறிக்கை. எந்த வண்டியில் யார் மேல் பழி நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? கரடிக்கு இரண்டு வருடம் கிடைத்தது. கேபிளை மாற்றச் சொன்னேன் என்று அவன் நீதிமன்றத்தில் ஒரே ஒரு தடவை சொன்னான். எழுத்தில் எதுவும் இல்லை. மகளைப் புதைத்துவிட்டு வந்தவனோடு வாதாட அவனுக்கு மனசு வரவில்லை.

வெளியே வந்த பிறகு வருடத்துக்கு ஒரு முறை, அந்தத் தேதியில், என் வீட்டுக்கு வருவான். நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் போவான். போன செவ்வாய்க்கிழமையும் வந்தான். தாடி முழுக்க நரைத்துவிட்டது. பிரேக் வேலை என்று வந்த வண்டிகளையெல்லாம் திருப்பி அனுப்பினானாம், கடைசியில் கடையையே மூடிவிட்டானாம். கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"சார், மாத்தணும்னு உங்ககிட்ட சொன்னதா ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். இப்போ அதுகூட நிச்சயமாத் தெரியல. நீங்க சொன்னதுதான் சரியா இருக்கும். நம்ம பாப்பாவை நான்தான் கொன்னுட்டேன். மன்னிச்சிடுங்க."

மன்னித்தேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். கதவைச் சாத்திய பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அவன் உண்மையையே மறந்துபோகிற அளவுக்கு நான் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன்.

செங்கல் வைக்க நான் மறக்கவில்லை.

அன்று இறங்கியதும் வழக்கம்போல டிக்கியைத் திறந்தேன். காவல்காரர் அடியில் இருந்தார். அவர்மேல் இரண்டு பெட்டிகள். நான் குளிக்கிற நேரத்தில் அவள் ஏற்றியிருக்க வேண்டும். ஒன்றின் மூடி சரியாகச் சாத்தவில்லை. மகளின் பள்ளிச் சீருடை, அட்டை போட்ட நோட்டுகள், குளிர்கால ஸ்வெட்டர். அப்போது நடு வெயில் காலம். குளிர்காலத்துக்கும் சேர்த்து எடுத்து வைத்திருந்தாள்.

பெட்டிகளை நகர்த்தினால் செங்கல் கைக்கு வரும். நகர்த்தவில்லை. வண்டியைக் கியரில் போட்டு இறங்குவது என் பழக்கம். அன்று போடவில்லை என்பதும் தெரியும். அந்தச் சரிவில் அந்த பிரேக் நாலைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. அது என் தொழில், ஐயா, எனக்குத் தெரியாமல் இருக்குமா? டிக்கியை மூடினேன். ஆனால் வண்டியை நான் தொட்டுத் தள்ளவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டிக்கி மூடியதும் பின்கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் போட்ட சண்டையில் கண் சிவந்திருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை, உதடு அசைந்ததுதான் தெரிந்தது. காவல்காரர் டூட்டிக்கு வந்தாச்சா என்று கேட்டாள்.

நான் தலையசைத்தேன். குழந்தை பயந்துவிடக் கூடாது அல்லவா.