சாம்பல்ல பூத்த பத்துமணிப்பூ

யக்கா, தெரு பூரா கேக்குற மாதிரி கத்தாத. உம் புள்ளைய எம் பொண்ணு மயக்கிட்டா, அவ்ளோதான? குந்து, பேசலாம். அய்யே, செடிய மெதிச்சிகினு நிக்கிறியே! பரவால்ல, அது சாவாது. மெதிச்ச எடத்துலயே இன்னொரு வேர் உட்டுக்கும். பத்துமணிப்பூக்கா, வெயில் ஏறுனாத்தான் கண்ணு தொறக்கும்.

எம் பொண்ணு தாயம்மாவா? கடைக்குப் போய்க்கீறா. வந்துருவா. இந்தா, மோரு குடி.

இந்தக் கொருக்குப்பேட்ட மண்ணப் பாரேன். மண்ணா இது? பூரா ரயிலு எஞ்சின் கொட்டுன சாம்பலு. குடிக்கிற தண்ணிக்கே கொயாயாண்ட கொடத்தால மண்டைய ஒடச்சிகினு கீறோம், செடிக்கு ஏது தண்ணி? மல்லி வச்சேன், கருகிச்சு. ரோசா வச்சேன், ஆடு துன்னுச்சு. இது மட்டும் தரையோட படுத்து ஊர்ந்துகினே, தோ, தண்டவாளத்து வேலி வரிக்கும் போய்க்கீது. எலயப் பாரு, கொயந்த வெரலாட்டம் கொயுகொயுன்னு. தண்ணிய உள்ளாறயே பதுக்கி வச்சிகினு கீது, கள்ளி.

ஏது இதுவா? உங்க வூட்டுதுதான்க்கா! பவர் அவுஸு வேல முடிஞ்சி வர்றச்ச உம் புள்ள கிருஷ்ணப்பன் ஈரத்துணில சுத்தி ஒரு தண்டு எட்த்துகினு வந்தான். ராயபுரத்துல நீ தண்ணிய ஊத்தி ஊத்தி அழுகடிச்சிட்டியாமே? அதான்க்கா தப்பு. ரொம்பப் பொத்திப் பொத்தி வச்சா இது தாங்காது. கொஞ்சம் கண்டுக்காம உடணும்.

மொறைக்காத, செடியச் சொன்னேன். எங்கூட்டுக்காரு கூட மொதல்ல, இன்னாடி கலீஜுன்னுதான் சொன்னாரு. பூத்தப்பறம் ரயில் யார்டுல கூட வேல செய்யிற தோஸ்துங்களையெல்லாம் இட்டாந்து காட்டுனாரு. அவரா? அவரு தாயம்மாகூடப் போய்க்கீறாரு.

ஏன்க்கா எய்ந்துட்ட? ஆமா, கடைக்குப் போறவளுக்கு அப்பா எதுக்கு? கேப்பதான், நீ வெவரமான ஆளு. இன்னிக்கி டூட்டின்னு சொன்ன உம் புள்ள, வெள்ள வேட்டி கட்டினு போனானே, அத்தக் கேட்டியா?

ஓடாதக்கா, பிரயோசனம் இல்ல. திருவொத்தியூர் கோயில்ல தாலி கட்டி, இந்நேரம் கெளம்பியே இருப்பாங்க. நீ இங்க வருவேன்னு தெரியும். உன்னப் புடிச்சி குந்த வைக்க ஒரு ஆளு வேணும்ல? அதான் நான் போவல.

அழுவாதக்கா. எம் பொண்ணு கய்த்துல தாலி ஏறுனத நானுந்தான் பாக்கல. ஒரே பொண்ணு.

செரி, மூஞ்சியத் தொடை. ஆரத்தி கரைக்கணும். மஞ்சா அம்மியாண்ட கீது, எட்த்துகினு வா சம்பந்தி.