கிழக்கே விலை ஏறிய பிற்பகல்

உங்கள் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது, மேடம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். வேறொருவராக இருந்தால் எரிச்சல் வந்திருக்கும், எனக்கு என்னவோ அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது. மின்சாரம் எந்த ரூபத்தில் ஓடினாலும் எனக்கு ஒரு சந்தோஷம். வெளியே என்னைப் பற்றி யார் யாரோ என்னென்னவோ சொல்கிறார்களாம். அதையெல்லாம் ஓரமாக வையுங்கள். உங்கள் விசாரணைக்கு வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் மூன்று நாட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். அது புரியாமல் நான் செய்தது புரியாது. ஒரே மலை, ஒரே ஆறு, பக்கத்துப் பக்கத்தில் மூன்று நாடுகள். கம்பியில் ஓடுவதும் ஒரே மின்சாரம்தான். ஆனால் விற்கிற விதம் இருக்கிறதே, அது ஆளுக்கு ஒரு தினுசு. நம் நாட்டில் அரசாங்கம் ஆண்டுக்கு ஒரு தடவை விலையைச் சொல்லும். பத்திரிகைக்காரர்கள் ஒரு நாள் திட்டுவார்கள், மறுநாள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். வடக்கே இருப்பவர்கள் இன்னும் விசேஷம். அங்கே ஒரு மின்நிலையம் ஓட வேண்டும் என்பதே இல்லை. கூப்பிட்டால் ஓடத் தயார் என்று நின்றாலே கூலி உண்டு. அடுப்பையே பற்றவைக்காத சமையல்காரருக்குச் சம்பளம் கொடுப்பது போல. கிழக்கே இருப்பவர்கள்தான் என் மனதுக்குப் பிடித்தவர்கள். அவர்களுக்குக் கால்மணிக்கு ஓர் ஏலம், கால்மணிக்கு ஒரு விலை. காற்றாலைகள் சுற்றினால் விலை தரையில் கிடக்கும், காற்று நின்றால் கூரையில் ஏறி உட்காரும். அடுத்த கால்மணியின் விலை என்ன என்பது, அது வாசலுக்கு வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

நான் அணைக்கட்டு மின்நிலையத்தில் மேசை வேலை பார்த்தவன். நாளைக்கு எப்போது தண்ணீரைத் திறந்து டர்பைனை ஓட்ட வேண்டும் என்று தலைமை அலுவலகம் முதல் நாளே சொல்லிவிடும். சொன்ன நேரத்துக்கு நான் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். கொட்டாவி விட்டே தாடை வலித்த காலம் அது. “நீங்க வேலைக்குப் போறீங்களா, தூங்கப் போறீங்களா?” என்று என் மனைவி கேட்பாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

பிறகு கிழக்கு நாட்டுக்குக் கம்பி இழுத்தார்கள். எங்கள் தண்ணீரை அவர்கள் ஏலத்தில் விற்கலாம் என்று அனுமதி வந்தது. எனக்குச் சக்கரம் வைத்த நாற்காலி, மேசையில் வரிசையாகத் திரைகள். முதல் தடவை விலை குபீரென்று எகிறி, நான் சரியாக அந்தக் கால்மணிக்கு டர்பைனைத் திறந்துவிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர் ஓடி வந்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் என் தோளுயரம்கூட இல்லாத மனிதர். நாற்காலியை உதைத்துக்கொண்டு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வந்தேன். வயது வந்த ஆள் செய்கிற காரியமா அது. அன்று வீட்டுக் குளியலறையில் பாடினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் பாடி அவள் கேட்டதில்லை.

சந்தோஷத்துக்கு ஒரே ஓர் இடைஞ்சல் இருந்தது. அது சங்கு.

அணைக்குக் கீழே ஆறு பெரும்பாலும் வெறும் மணல்தான். ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடும். அங்கே துணி துவைப்பார்கள், லாரி கழுவுவார்கள், மணலில் பாத்தி கட்டித் தர்பூசணி போடுவார்கள். வீட்டில் சண்டை போட்டவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். டர்பைன் ஓடினால் அந்தத் தண்ணீரெல்லாம் ஆற்றில்தான் இறங்கும். அதனால் திறப்பதற்கு அரைமணி முன்பே அபாயச் சங்கு ஊத வேண்டும், ஓர் ஆள் வண்டியில் போய் முதல் வளைவு வரை பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சட்டம். முதல் நாளே நேரம் தெரிந்த காலத்தில் எழுதிய சட்டம் அது. கிழக்கு நாட்டு விலையோ கால்மணிக்கு ஒன்று. நான் அரைமணி சங்கு ஊதி முடிப்பதற்குள் அந்த விலை வந்து, பல்லைக் காட்டிவிட்டு, போயே போய்விடும். வேறு வேறு நாட்டு விதிகளை ஒரே ஆற்றில் இறக்கினால் இப்படித்தான். இதை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

சங்கு ஊதுகிறவன் என் மச்சான், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அவன்தான் என்னைப் பார்த்து, பிடித்துப்போய், தன் தங்கைக்குப் பேசி முடித்தவன். குண்டு மனிதன். எதற்கெடுத்தாலும் சிரிப்பு. தன் சங்குச் சத்தம் கேட்டால் ஆற்றங்கரைக் கழுதைகூட எழுந்து நிற்கும் என்று பெருமை அடித்துக்கொள்வான். புது மோட்டார் வண்டி ஒன்று வாங்கி, அதைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தான்.

அவனும் நானும் சேர்ந்துதான் முதல் யோசனையைக் கண்டுபிடித்தோம். விலை எப்போது ஏறும் என்று தெரியாதென்றால், எப்போதும் ஊதிக்கொண்டே இருந்தால் என்ன? அரைமணிக்கு ஒரு தடவை ஊத ஆரம்பித்தான். அந்த முதல் வாரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மேடம். துவைத்தது பாதி, துவைக்காதது பாதியாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரையேறுவார்கள். தண்ணீர் வராது. இறங்குவார்கள். மறுபடி சங்கு. நானும் மச்சானும் சன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். சலவைக்காரர் ஒருநாள் அலுவலகத்துக்கே ஏறி வந்துவிட்டார்.

“தண்ணி வர்றப்ப மட்டும் ஊதுங்க சார். எனக்கும் என் சம்சாரத்துக்கும் துவைக்கிற வேலையவிட ஓடுற வேலை அதிகமாயிடுச்சு” என்றார்.

பிறகு யாரும் ஓடவில்லை. சங்கு ஊதும், அவர்கள் பாட்டுக்குத் துவைப்பார்கள். ஊருக்குள்ளிருந்து புகார் வந்ததும் வீண் சங்கு வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதோடு, சட்டென்று ஊத வசதியாக இருக்கட்டும் என்று சங்கின் பொத்தானை என் மேசைக்கே மாற்றிக் கொடுத்தார். நான் அரைமணியைப் பத்து நிமிடமாக்கினேன், பத்தை ஐந்தாக்கினேன். கடைசியில் ஒரு தும்மல் அளவுக்கு வந்து நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திறந்தது ஒரே ஒரு டர்பைன் என்பதால் முழங்கால் வரை நனைந்தார்கள், திட்டினார்கள், பிழிந்து காயப்போட்டார்கள்.

மச்சானுக்குத்தான் மனசு கேட்கவில்லை. சங்கை யாரும் நம்புவதில்லை என்று தெரிந்ததும் அவனே வண்டியில் இறங்கிப் போய் ஆட்களைக் கரையேற்ற ஆரம்பித்தான். ஏற்றிவிட்டுப் போன் செய்வான்: “ஆச்சு மாப்ள, விடு.” எப்போது கிளம்ப வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

“உன் மூஞ்சிதான். திரையப் பாத்துட்டு உன் வாயெல்லாம் பல்லாச்சுன்னா நான் வண்டிய எடுத்துடுவேன். சங்கவிட அது சுத்தமா வேலை செய்யுது” என்றான்.

எனக்கு அது பெரிய தலைவலியாகிவிட்டது. அவன் போய், ஒவ்வொருவரையும் கெஞ்சி, தர்பூசணிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, போன் செய்வதற்குள் என் கால்மணி கரைந்துவிடும். அதனால் நான் முகத்தைப் பழக்கினேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, மனதுக்குள் பெரிய விலையாக நினைத்துக்கொண்டு, உதடு அசையாமல் இருக்கப் பயிற்சி செய்தேன். பல்வலியா என்று என் மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று பிற்பகல் கிழக்கே காற்று செத்துப்போய்விட்டது. அவர்களுடைய பெரிய நிலக்கரி நிலையம் ஒன்றும் பழுதாகி நின்றது. விலை ஏறியது பாருங்கள், மேடம். மன்னிக்க வேண்டும், இப்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்படி ஒரு விலையை எங்கள் நிலையம் கண்டதில்லை. எல்லா டர்பைனையும் ஒரே நேரத்தில் திறக்கலாம் என்று எனக்குள் ஒன்று துள்ளியது. அப்போதுதான் மச்சான் உள்ளே எட்டிப் பார்த்தான்.

“என்ன மாப்ள, மூஞ்சி தொங்குது?”

“கிழக்க நல்ல காத்து மச்சான். விலையே இல்ல. இன்னிக்கு நமக்கு ஓய்வுதான்.”

“அப்ப நான் ஆத்துல இறங்கி வண்டியக் கழுவிட்டு வந்துடறேன்.”

“நல்லாக் கழுவு. அவசரமில்ல” என்றேன்.

என் முகத்தில் ஓர் இழைகூட அசையவில்லை. நான் அதில் இவ்வளவு தேறிவிட்டேன் என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

சங்கு ஊதவில்லை. ஊதியிருந்தால் மச்சான் உடனே போன் செய்து, பொறு, இன்னும் ஆள் இருக்கிறது என்பான். எல்லா டர்பைனையும் திறந்தேன். அறைக்குள் கூட்டம் கூடிவிட்டது. கணக்குப் பிரிவிலிருந்து ஓடி வந்தார்கள். மேனேஜர் மேசைமேல் ஏறி நின்று கைதட்டினார். யாரோ என் தலைமுடியைக் கலைத்தார்கள். ஏதோ பந்தயத்தில் எங்கள் குதிரை முதலில் ஓடுவது போல எல்லோரும் திரையைப் பார்த்துக் கத்தினோம். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னால் சந்தோஷப்பட்டதில்லை.

ஆற்றில் ஆள் இருப்பது தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். எப்போதும் இருப்பார்கள். தர்பூசணிக்காரர் ஓடித் தப்பித்தார், லாரிக்காரர்களும் தப்பித்தார்கள். சலவைக்காரர், அவர் மனைவி, என் மச்சான், இந்த மூன்று பேரும்தான் போனார்கள். வண்டி கரையிலேயே இருந்தது. நன்றாகக் கழுவித் துடைத்திருந்தான்.

என் மனைவி ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். “அண்ணனுக்கு நீச்சல்கூடத் தெரியாதே, தண்ணி வர்றதப் பாத்ததும் அது ஏறியிருக்காதா? பயந்த சுபாவமாச்சே.” எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவளை நான் உண்மையாகவே நேசிக்கிறேன்.

அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் விவரம் இருக்கும், மறுக்கப் போவதில்லை. நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது அடித்தது. நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

“மாப்ள, தண்ணி வருது, சங்கே ஊதல. நான் கரையேறிட்டேன். சலவைக்காரரும் அவர் சம்சாரமும் ஆத்து நடுவுல மணல் மேட்டுல மாட்டிக்கிட்டாங்க. நிறுத்து.”

கிழக்கு நாட்டில் ஒரு விதி உண்டு. விற்ற கால்மணியைப் பாதியில் நிறுத்தினால் அபராதம், அடுத்த ஏலத்தில் உட்காரவும் விடமாட்டார்கள். அடுத்த கால்மணியின் விலை அப்போதுதான் திரையில் வந்துகொண்டிருந்தது. முந்தியதைவிட அதிகம்.

“நிறுத்திட்டேன் மச்சான்” என்றேன்.

“நிறுத்திட்டியா? இன்னும் ஏறுற மாதிரி இருக்கே.”

“வந்த தண்ணிதான் போகுது. இனிமே இறங்கிடும். பயப்படாத.”

“அப்ப சரி. நான் போயி அவங்கள இழுத்துட்டு வந்துடறேன்” என்றான். அவன் குரலில் நிம்மதி இருந்தது. நான் போனை வைத்துவிட்டு அடுத்த கால்மணியையும் விற்றேன். மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். திறந்தது நான், சங்கு ஊதாதது நான், நிறுத்தாதது நான். நம் நாட்டிலும் வடக்கு நாட்டு முறை இருந்திருந்தால், சும்மா நின்றதற்கே கூலி வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்போம். அதையும் எழுதுங்கள். ஆனால் மச்சான் விஷயத்தில் மட்டும் என்மேல் அபாண்டமாக எதையும் எழுதிவிடாதீர்கள். கரையில் பத்திரமாக நின்றவனை நான் ஆற்றில் இறங்கச் சொல்லவே இல்லை. பயப்படாதே என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.