மார்வுட் குலமரத்தில் ஓர் ஓரம்

கன்றுத் தோலில் எழுதும்போது கை வேர்க்கக் கூடாது. கைக்கடியில் ஒரு துணியை வைத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் மார்வுட் பிரபுக் குடும்பத்தின் வம்சாவளியைக் குலமரமாக எழுதும் வேலை எனக்கு வந்தது.

பிரபு எவரார்டும் நானும் ஒரே அப்பாவின் பிள்ளைகள். அவருடைய அம்மா மாளிகைக்கு எஜமானி. என் அம்மா அதே மாளிகையின் அடுப்படியில் ரொட்டி சுட்டவள். இது ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் என்னை எழுத்தனாக வைத்துக்கொண்டார். நல்லவர். ஒருமுறை காய்ச்சலில் நான் பிழைக்க மாட்டேன் என்றிருந்தபோது, பார்லிக் கஞ்சியைத் தன் கையாலேயே ஊட்டினார். அப்போதுதான் சொன்னார்:

"ராஜாவோட ஆளுங்க வம்சம் பாக்க வருவாங்கல்ல, அப்ப உன் பேரையும் மரத்துல போட்டுடறேண்டா. அப்பா பேருக்குக் கீழ, ஒரு ஓரமா. போதுமா?"

போதும் என்றேன். பதினோரு ஆண்டுகள் அந்த ஓரத்தை நினைத்தே ஜெபம் செய்தேன்.

குடும்பச் சின்னங்களைச் சரிபார்க்கும் அரண்மனை அதிகாரிகள் வருவதாகச் சேதி வந்தது. தோலை விரித்து எழுதினேன். எவரார்டின் பெயருக்கும் அவர் தம்பி பியர்ஸின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு விரற்கடை இடம் விட்டிருந்தேன்.

"என்ன ஹம்ஃப்ரி, அங்க யாரு உக்காரப் போறா? அடுப்படிப் பூனையா?" என்று பிரபுவின் மனைவி சீமாட்டி சிசிலி சிரித்தாள்.

பிரபு சன்னல் பக்கம் பார்த்தார். "இப்ப வேணாண்டா. பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கோம். அங்க ஒரு பூ வரைஞ்சிடு."

வரைந்தேன். அழகாகவே வந்தது.

நான் கோபப்படவில்லை. கோபம் பாவம். வாக்குத் தவறியவருக்கும் நன்மையே செய்ய நினைத்தேன். அவர்களுடைய முப்பாட்டனின் மனைவி ஆலிஸ் எங்கிருந்து வந்தவள் என்று யாருக்கும் தெரியாது. அவளைப் பழைய அரச வம்சத்தின் மகளாக எழுதினேன்.

"நெஜமாடா?"

"மடத்து ஏட்டுல என் கண்ணால பாத்தேன், பிரபு."

அந்த மடத்தை இடித்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. குடும்பச் சின்னம் தீட்டிய கேடயத்தின் கால் பங்கில் அந்தப் பழைய வம்சத்தின் சிங்கங்களை வரையச் சொல்லி, கூடத்து வாசலுக்கு மேல் மாட்டினார். மாட்டியவர் அவர்தான். இப்போதைய ராஜாவின் குடும்பம் பழைய வம்சத்தை வென்று முடி சூடியது. பழைய ரத்தம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறவன் சிம்மாசனத்துக்குப் போட்டியாளன். இது அவருக்கும் தெரிந்ததுதான், சந்தோஷத்தில் மறந்துவிட்டார். நான் நினைவூட்டவில்லை. ராஜாவின் ஆலோசனை சபைக்கு மட்டும், பெயர் போடாமல், ஒரு கடிதம் எழுதினேன்.

படைவீரர்கள் வந்தார்கள். எவரார்டையும் பியர்ஸையும் பிடித்தார்கள். அந்த ரத்தத்தில் பிறந்த ஆண் ஒருவனையும் உயிரோடு விடக் கூடாது என்று உத்தரவாம். ஊர்ப்பேச்சைக் கேட்டு என்னையும் இழுத்துப் போனார்கள்.

விசாரணை அதிகாரி என்னை எவரார்டுக்கு எதிரில் நிறுத்தினார். "இந்த எழுத்தனும் உங்க அப்பாவுக்குப் பொறந்தவன்னு சொல்றாங்களே. உங்க ரத்தம்தானா இவன்?"

எவரார்ட் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைகளில் விலங்கு.

"இவனா? எவனோ வழிப்போக்கனுக்குப் பொறந்தவன். எங்க ரத்தம் ஒரு சொட்டு கெடையாது. சொன்னத எழுதுற கூலிக்காரப் பய. தொரத்தி விடுங்க."

என்னை அன்றே விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை அண்ணன் தம்பி இருவர் தலையையும் வெட்டினார்கள்.

இருவருக்காகவும் மெழுகுவத்தி ஏற்றினேன். இன்றும் ஏற்றுகிறேன். பொய்யை எழுதியவன் நான். கடிதத்தை அனுப்பியவனும் நான். அதை மறைக்கவில்லை. எவரார்டையும் மன்னித்துவிட்டேன். ஆனாலும் ஒன்று மட்டும் ஆறவில்லை. சாகப் போகிற நேரத்தில்கூட, அத்தனை பேர் முன்னால், என்னைத் தம்பி என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.