பத்தாம் நாள் குருத்து

களைக்கொல்லி அடிக்கிறவனுக்குக் காற்றைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பதினாறு வருடமாக விதைப் பண்ணையில் அடிக்கிறேன். பக்கத்துப் பாத்தியில் ஒரு துளி விழுந்ததில்லை. அதனால், ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையில் நடந்ததைக் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

என் மனைவி அதே பண்ணையில் விதை ஆராய்ச்சி செய்பவள். எட்டு வருடம் பாடுபட்டு, நாற்பது நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும் சோளம் ஒன்றை உருவாக்கியிருந்தாள். கையிலிருந்த விதை முழுவதையும் இந்தப் பருவம் விதைத்துவிட்டாள். அறுவடை முடிந்ததும் தூர தேசத்து ஆய்வகத்தில் வேலை. என்னையும் கூப்பிட்டாள். அங்கே போய் அவள் பின்னால் பை தூக்குவதா? அவள் புதுப் பெட்டி வாங்கி வந்த அன்று அதைப் பரண்மேல் தூக்கிப் போட்டேன்.

புல் இனத்தை மட்டும் கொல்லும் மருந்து ஒன்று உண்டு. பயறுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சோளமும் புல் இனம்தான். குருத்து வளர ஒவ்வொரு செல்லுக்கும் சவ்வு வேண்டும். சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும். அந்தக் கொழுப்பை உண்டாக்கும் நொதியை இந்த மருந்து முடக்கிவிடும். வளர்ச்சி சீக்கிரமே நின்றுபோகும். பழைய இலைகள் மட்டும் ஒரு வாரம் பச்சையாகவே நிற்கும்.

அந்த வாரம்தான் கொடுமை. தினமும் வயலுக்குப் போய் வந்து, "நல்லா நிக்குதுங்க" என்பாள். செத்த பயிரை அளந்து நோட்டில் எழுதுவாள். அவள் செடிப் பக்கம் குனியும்போதெல்லாம் நான் பயறுப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பத்தாம் நாள் ஒரு குருத்தை லேசாக இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. அடி பழுப்பாக அழுகியிருந்தது. அடுத்ததும் அப்படியே. வரப்போரப் பயறு மட்டும் செழித்து நின்றது. அதைப் பார்த்ததும் என்ன மருந்து என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. யார் என்பதுதான் புரியவில்லை.

"பத்து நாளைக்கு முன்னாடி சத்துக் கரைசல் அடிச்சது நான்தானே. அடிக்கிறதுக்கு முன்னாடி, களை மருந்து இருந்த டேங்க்கைக் கழுவினேங்க. கழுவினேன்தானே?"

நான் குரலை உயர்த்தவில்லை. "கழுவினது உனக்கு நிச்சயமா ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அதன்பிறகு அவள் தன் கையையே நம்புவதில்லை. தோல் வெடிக்கும்வரை கழுவுகிறாள். அடுப்பை அணைத்தோமா என்று நாலு முறை போய்ப் பார்க்கிறாள். மருத்துவர் கொடுத்த மாத்திரையைக்கூட நான் எடுத்துக் கொடுத்தால்தான் விழுங்குகிறாள். வேலை வேண்டாம் என்று கடிதம் எழுதினாள். நான்தான் தபாலில் சேர்த்தேன்.

இப்போது நீங்கள் அவளுடைய டேங்க்கைச் சோதித்து, மருந்தின் சுவடே இல்லை என்று தாள் கொண்டு வந்திருக்கிறீர்கள். உண்மைதான். அடித்தது என் டேங்க். அவள் கரைசல் அடித்த அன்றே, ஆட்கள் வருவதற்கு முன்பே போய், ஒரு வரிசை விடாமல் நான்தான் அடித்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தத் தாளை அவளிடம் காட்டாதீர்கள். தன் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். இப்போதுதான் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறாள்.