ஏரோப்பிளேன் திடலுக்கு ஒரு கையெழுத்து

— அங்கனயே நின்னா எப்புடி சின்னராசா? தூத்தல் போடுது, உள்ள வா.

— இருக்கட்டும்ண்ணே. கையெழுத்து ஒண்ணு வாங்கிட்டு ஓடிர்றேன்.

— வந்ததும் வராததுமா கையெழுத்தா? ஒக்காரு. தேத்தண்ணி ஊத்துறேன். குடிப்பியா?

— ...குடிக்கிறேன்.

— சேசுவே! என் கையால தேத்தண்ணி குடிக்க லயத்து வீட்டுலேருந்து ஒரு ஆளு! எட்டு வருசமாச்சு. சீனி முடிஞ்சிருச்சு, கருப்பட்டி கடிச்சுக்க.

— இக்னேசியஸ் அண்ணே, குத்திக் காட்டாதீங்க. ஒங்களோட யாரும் பொழங்கக் கூடாதுன்னு சங்கக் கூட்டத்துல போட்ட கட்டு அது. நான் ஒருத்தன் போட்டதா?

— குத்திக் காட்டலடா. சந்தோசத்துல வாய் ஒளறுது. காத்துப்பையோட மட்டும் பேசிப் பேசி, மனுசங்கிட்ட எப்புடிப் பேசுறதுன்னு மறந்து போச்சு.

— காத்துப்பையோடயா?

— அந்தா, கம்பத்துல தொங்குதுல்ல. காலையில ஏத்துறேன், சாயங்காலம் எறக்குறேன். பிளேன்காரனுக்கு காத்து எந்தப் பக்கம்னு காட்டணும்ல. நேத்து லிந்துலைக் கட ஹுசைன் மொதலாளி வந்து அதத்தான் தடவிப் பாத்துக்கிட்டு நின்னாரு. கையில டின் பிஸ்கோத்து.

— அவரா? எதுக்கு?

— நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான். தெடல மூடணும்னு ஒன் காயிதம். மூடக்கூடாதுன்னு அவரு காயிதம்.

— அவருக்கென்ன! குதிர ரேசு சீசன்ல நாலு தொரமாரு வந்து எறங்குனா சால்வ விப்பாரு. கேக்குறேன், கடைசியா பிளேன் எப்பண்ணே எறங்குச்சு?

— போன மாசிக்கு முந்துன மாசி. அதும் வழி தவறி. இது எந்த எடம்னு பைலட்டு தொர எங்கிட்டதான் கேட்டாரு.

— கேளுங்க! ரெண்டு வருசமா ஒரு பிளேன் இல்ல. அதுக்குச் சுத்தி முள்ளுக்கம்பி, ஒரு கேட்டு, ஒரு வாச்சரு. குறுக்கால நடந்தா டிஸ்பென்சரிக்கு கா மணி நேரம். கம்பிய சுத்திப் போனா மல ஏறி எறங்கணும், ரெண்டு மணி நேரம். கேக்குறீங்களா? செவ்வாக்கெழம கவர்மெண்டு ஏஜென்ட் தொர விசாரணைக்கு வர்றாரு. அதுக்கு முந்தி எங்க காயிதம் போயாகணும்.

— லயத்துல எல்லாரும் வெரல் வச்சிருப்பீங்களே.

— முன்னூத்திப் பன்னெண்டு பேரு. கந்தோர்ல கிளாக்கரு அப்புடியே திருப்பிக் குடுத்துட்டாரு. பிரசாவுரிமை இல்லாதவன் வச்ச ரேக செல்லாதாம். பிரசாவுரிமை உள்ளவங்க ஒருத்தராச்சும் மேல கையெழுத்துப் போடணுமாம். இந்தத் தோட்டத்துல யாரு இருக்கா? நீங்கதான்.

— அப்புடின்னு யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? பிரசாவுரிமைக்கு யாரும் எழுதிப் போடாதீங்க, ஒத்துமையா நிப்போம்னு சங்கம் சொன்னப்ப, நீங்க மட்டும் தனியாப் போயி எழுதிப் போட்டீங்க. கட்டு போட்டது அதுக்குத்தான? அப்பறம் ஒங்க பேருக்கு ரிஜிஸ்தர் தபால் வந்துச்சு. அந்த வாரமே லயத்த விட்டுட்டு இந்த வாச்சர் வேலைக்கு வந்துட்டீங்க.

— பின்னால நீங்களுந்தான எல்லாரும் எழுதிப் போட்டீங்க.

— சங்கமே சொல்லித்தான் போட்டோம், கடைசி நேரத்துல. எல்லாருக்கும் இல்லன்னு வந்துச்சு. அத விடுங்க, இப்ப போடுங்க.

— போட்டா தெடல மூடுவான். மூடுனா இந்தக் கொட்டாயப் பிரிப்பான். நான் எங்கடா போறது?

— அதயும் பேசியாச்சு. எங்க லயத்துல கடைசிக் காம்பரா ஒங்களுக்கு. முந்தாநேத்து கூட்டத்துல கட்ட எடுத்தாச்சு.

— எடுத்தாச்சா? எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?

— எல்லாரும். நல்லமுத்து கங்காணிகூட.

— நல்லமுத்தா! எம் பொஞ்சாதி றோசலின் செத்தப்ப பொட்டி தூக்க ஒருத்தரையும் விடல அந்தாளு. டயகம தோட்டத்துலேருந்து நாலு பேரக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். கோயில் பெஞ்சுல இன்னிக்கும் எம் பக்கத்துல யாரும் ஒக்கார்றதில்ல, தெரியுமா?

— இனிமே ஒக்காருவாங்கண்ணே.

— ...பக்கத்துக் காம்பரால யாரு?

— என் தங்கச்சிதான். பூரணி.

— பூரணியா. ஒடம்பு தேறிருச்சா?

— எந்திரிச்சு கொழுந்துக்குப் போறா. பேச்சுதான் கொறஞ்சு போச்சு.

— அன்னிக்கு ஒங்கள நான் பாத்தேன் தம்பி. ஐப்பசி மழையில, காலையில, அவள கம்பளியில கட்டித் தூக்கிட்டு வந்தீங்க. வலியில அவ கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு. ஓடிப் போயி கேட்ட ரெண்டு பக்கமும் தொறந்து போட்டேன்.

— தெரியும்.

— தெரியுமா?

— முன்னால தூக்குனது நான்தான். கேட்டு தொறந்து கெடந்துச்சு, நீங்க சாக்கப் போத்திக்கிட்டு நின்னீங்க. அந்தாளு தொறந்து விட்ட கேட்டுல காலு வச்சா கட்ட மீறுனதாயிரும்னு நல்லமுத்து சொன்னாரு. நான் ஒரு வார்த்த பேசல. சுத்திப் போனோம். பாதி மலையில புள்ள வந்துருச்சு. மூச்சில்ல.

— நீங்க பேசவே வேணாம்டா. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்னுருப்பேனே. யாரும் யாரையும் பாக்காமயே போயிருக்கலாமே.

— இத்தன மாசமா அதத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். இன்னொருத்தி சுத்திப் போகக் கூடாதுண்ணே. பூரணியே சொல்லித்தான் வந்தேன். ஒங்க காம்பராவ நேத்தே சாணி போட்டு மெழுகிட்டா.

— எனக்கா? அவளாவா மெழுகுனா?

— ஆமாண்ணே. அடுப்புக்கூட போட்டு வச்சிருக்கா. இந்தாங்க பேனா. பேரு எழுதி, கீழ பிரசாவுரிமை நம்பரு எழுதணும். அந்தத் தபாலு எங்க?

— பொட்டிக்குள்ள. றோசலின் சேலைக்கு அடியில.

— எடுங்கண்ணே.

— யாருக்கும் காட்டுனதில்லடா. றோசலினுக்கும் காட்டல.

— ஏன்?

— காட்டியிருந்தா சிரிச்சிருப்பீங்க. கோவமாத்தான இருந்தீங்க, அது பரவால்லன்னு விட்டுட்டேன். என்னிக்காச்சும் கோவம் தணிஞ்சு ஒருத்தன் வருவான்ல.

— என்னென்னமோ சொல்றீங்க. தேத்தண்ணி ஆறுது பாருங்க, தபால எடுங்க.

— நீ குடி மொதல்ல. முழுசாக் குடி. காயிதத்தப் பாத்தப்பறம் குடிக்க மாட்ட.

— குடிச்சுட்டேன். போதுமா? குடுங்க.

— இந்தா. எனக்கு இங்கிலீசு தெரியாது. அன்னிக்கு பாதர்தான் படிச்சுச் சொன்னாரு. நீ ஒரு வாட்டி படிச்சுப் பாரு.

— எனக்கும் எழுத்துக் கூட்டித்தான் வரும். நம்பரு எங்க இருக்கு... மேல ஒங்க பேரு... கீழ முத்திர... இந்த ரெண்டாவது வரி... அண்ணே. அண்ணே, இது எங்களுக்கெல்லாம் இல்லன்னு வந்த அதே காயிதம்.