முள்ளித்துறைக் காட்டை மும்முறை நட்ட பெருமகனுக்கு

மட்டுமாநகர் ஈன்ற மாண்புறு மைந்தரே, வாவிக்கரை வளங்காக்க வந்த வள்ளலே, பன்னாட்டுப் பங்காளிகளின் பாசத்துக்குரிய பண்பாளரே, மீன் பாடும் நாட்டில் மீனைத் தவிர அனைவரையும் கூட்டம் கூட்டிப் பேசவைத்த பெருந்தகையே, எங்கள் கண்டல் காப்புப் பன்னாட்டுக் கூட்டிணைவுத் திட்டத்தின் பணிப்பாளர், உயர்திரு ஹோரேஸ் ஐயா அவர்களே,

வணக்கம். அரச சேவையிலிருந்து ஏற்கெனவே ஒருமுறை ஓய்வு பெற்று, அதற்கும் ஒரு பாராட்டு மடல் வாங்கியவர் ஆதலால் இச்சடங்கு உங்களுக்குப் புதிதன்று. இம்மடலை எந்தச் சுவரில் மாட்டுவது என்று உங்கள் இல்லத்தரசி மவுறீன் அம்மையாரிடம் முன்கூட்டியே விசாரித்தோம். "ஹோல்ல இடமில்ல மனே, போனமுறை தந்ததே கதவுக்குப் பின்னால கிடக்கு. சின்னனாச் செய்யுங்க" என்றார். சிறிதாகவே செய்ய முயன்றோம். உங்கள் பெருமை இடங்கொடுக்கவில்லை.

கடல் கரையேறி வந்த அந்த மார்கழிக்குப் பின், எவரிடம் எதைக் கேட்பது என்று ஊரும், எவருக்கு எதைக் கொடுப்பது என்று உலகமும் திகைத்து நின்ற வேளையில், கண்டல் மரமே கடலைத் தடுக்கும் சுவர் என்று கேள்வியுற்ற மூன்று அமைப்புகள், ஒல்லாந்திலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் யப்பானிலிருந்தும் புறப்பட்டு, மரம் நட ஓர் ஆளைத் தேடி வந்தன, உங்களைக் கண்டன. ஒல்லாந்தர் வந்த அன்று நீங்கள் ஒல்லாந்தர் வழி வந்தவர். போர்த்துக்கேயர் வந்த அன்று போர்த்துக்கேயர் வழி வந்தவர். உங்கள் குடும்பத்தில் இரண்டும் உண்மையே ஆதலால் பொய் எதுவும் நேரவில்லை. யப்பானியர் வந்த அன்று எதுவும் கூறாது இடுப்பளவுக்குக் குனிந்தீர்கள்; நிமிர முடியாமற்போய் அப்படியே நின்றீர்கள். அந்தப் பணிவைக் கண்டு மனமுருகித்தான் மூன்றாவது ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

ஒப்பந்தங்கள் மூன்றிலும் கடற்கரையில் நடுவதாகக் கூறப்பட்டிருந்தது. கண்டலோ சேற்றில் வாழும் மரம். கடற்கரையில் இருந்ததோ மணல். இதை ஊரார் எங்களிடம் சொன்னார்கள், நாங்கள் உங்களிடம் சொன்னோம். "கையெழுத்து வச்சாச்சு, நடுங்க. பிறகு பாப்பம்" என்று நீங்கள் பகர்ந்த மொழி எங்கள் பணிக்குப் பாதை காட்டிற்று. நட்டோம். அலை வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. பிறகு பார்த்தோம்.

எஞ்சிய நாற்றுகளுக்கு நல்ல சேறு தேடி, களுதாவளைக்கு அப்பால் வாவிப் பக்கமாக நாம் அலைந்தபோது கிடைத்ததே முள்ளித்துறை. நெஞ்சை அள்ளும் சேறு, அலையற்ற நீர், ஆளரவம் இல்லாத கரை. யுத்தம் மறுபடியும் மூண்ட காலம் அது. வாவியில் தோணி விடத் தடை இருந்தது. தோணிகள் எல்லாம் வீட்டு வளவுகளில் கவிழ்ந்து கிடந்தன. தோணியில்லாத துறையைக் கண்ட நீங்கள், "ஆளில்லாத காணி, அருமையான காணி" என்று அகமகிழ்ந்தீர்கள். ஆட்கள் ஏன் இல்லை என்று நாங்களும் கேட்கவில்லை. ஒருவர் ஓரிடத்தில் ஏன் இல்லை என்று கேட்பது அந்நாட்களில் நல்ல பழக்கமாகக் கருதப்படவில்லை.

அங்கே கண்டல் வளர்ந்தது. நாம் நட்டவற்றுள் வளர்ந்தது அது ஒன்றே. அந்த ஒன்றை மூன்று பங்காளிகளும் தத்தமது காடென்று கண்டு களிக்க நீங்கள் வகுத்த வழிமுறை, வேறெந்த அலுவலகத்தாரும் கனவிலும் காணாதது. ஒல்லாந்தர் வரும் நாளில் ஒல்லாந்தப் பெயர்ப்பலகை; அவர்களை வீதிவழியே அழைத்து வருவோம். போர்த்துக்கேயர் வரும் நாளில் அவர்களது பலகை. அவர்களை வாவிவழியே படகில் கொண்டுவந்து மறுபக்கத்தைக் காட்டுவோம். யப்பானியரை வரம்புவழியே நடத்தி வருவோம். களைப்பில் அவர்கள் திசை கேட்பதில்லை. ஒருநாள் எங்கள் சாரதி உதயரூபன் அவசரத்தில் பலகையை மாற்றி நாட்டிவிட, யப்பானியப் பெரியவர் வந்து போர்த்துக்கேயப் பலகையின் முன் நின்றார். நீங்களோ கலங்காது, "அது அயலவரின் காடு, உங்களுடையது அங்கே" என்று வாவியின் நடுவைச் சுட்டினீர்கள். அவர் தண்ணீரை நெடுநேரம் பார்த்தார். "நட்டு எவ்வளவு காலம்?" என்றார். "இப்பத்தான்" என்றீர்கள். படமும் பிடித்துக்கொண்டு மனநிறைவோடு சென்றார்.

ஐயா, அது உண்மையில் யாருடைய காடு என்று எங்களில் எவருக்கும் இன்று தெரியாது. மூன்று பங்காளிகளுக்கும் நாம் அனுப்பிய ஆண்டறிக்கைகளை ஒன்றாகக் கூட்டினால் வாவி முழுவதும் காடாகி, மீனுக்கு இடமில்லை. இதை எண்ணி நாங்கள் குழம்பியபோதெல்லாம், "குழம்பாம வேலையப் பாருங்க" என்றீர்கள். வேலை எது என்பதில்தான் குழப்பமே இருந்தது.

யுத்தம் முடிந்தது. தடையும் நீங்கியது. முள்ளித்துறையார் தோணிகளை நிமிர்த்தி, ஓட்டையடைத்து, கீல் பூசி, துறைக்கு இழுத்து வந்தார்கள். துறை இருந்த இடத்தில் காடு நின்றது. அவ்வூர் மீனவ மாதர் சங்கத் தலைவி இலட்சுமிப்பிள்ளை அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்து உங்கள் மேசைக்கு முன்னால் அமர்ந்த காட்சி எங்கள் நெஞ்சில் நிற்கிறது.

"சேர், எங்கட துறைய எங்க வச்சிருக்கீங்க?"

"அம்மா, அது இப்ப பாதுகாக்கப்பட்ட இடம்."

"ஆரிட்ட இருந்து பாதுகாக்கிறீங்க? மூணு வருஷம் ஆமி விடல்ல. இப்ப ஆமி விட்டிட்டான், மரம் விடுகுதில்ல."

காட்டை அழிக்கும்படி அவர் கேட்கவில்லை. ஒன்றையொன்று உரசாமல் இரண்டு தோணி போய்வர ஒரு வழி, அவ்வளவே. அடுத்த துறையார் இடங்கொடுக்க மறுப்பதால் தோணியை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஊர்சுற்றி நீரில் இறக்குகிறார்கள். பிடிக்கும் மீன் எண்ணெய்க்கே போதவில்லை. வாற மாரியில் இறால் வரும். அதற்குள் வழி பிறக்காவிட்டால் தோணிகளை விற்பதென்று பாதி ஊர் முடிவு செய்துவிட்டது. அம்மாவின் மகன் தன் தோணியை வாங்க ஆள் பார்த்துவிட்டார். கட்டாருக்குப் போகப் பதிந்தும் விட்டார். "கடல் கொண்டுபோகாத பொடியன். யுத்தத்துக்கும் ஒளிச்சு வச்சுக் காப்பாத்தின பொடியன். உங்கட மரத்துக்குக் குடுக்கவா சேர்?" என்று அவர் கேட்டபோது, நீங்கள் தேநீர் வரவழைத்தீர்கள்.

"பங்காளிகளிட்டக் கேட்டுச் சொல்லுறன் அம்மா" என்றீர்கள். பங்காளியின் சம்மதமின்றி ஒரு வேரையும் வெட்டலாகாது என்பது ஒப்பந்தம். எந்தப் பங்காளியைக் கேட்பது? ஒருவரைக் கேட்டால் வரைபடம் கேட்பார். வரைபடம் அனுப்பினால் மற்ற இருவரும் அதை எங்கோ காண்பார்கள். ஆகவே ஒருவரையும் கேட்காமல், எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று கூறிக் காலங்கடத்திய உங்கள் கருணையை என்னென்போம். அம்மா பொறுமையிழந்து, "அப்ப மூணு பேரையும் ஒண்டாக் கூப்பிட்டுக் கேளுங்களன்" என்றபோது நீங்கள் சிரித்தீர்கள். "மூணு பேரும் ஒண்டா வாறதெண்டா நான் செத்தாத்தான் அம்மா" என்றீர்கள்.

உங்கள் ஓய்வுக்கே வந்துவிட்டார்கள், ஐயா. மூவரும் இதோ முன்வரிசையில், ஒரே வகை மாலையுடன், அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். உங்கள் மேல் உள்ள அன்பினால் தத்தம் செலவிலேயே வந்திருக்கிறார்கள். பகல் விருந்துக்குப் பின் தம் காட்டைப் பார்க்க வேண்டுமென்று மூவரும் தனித்தனியே எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். நாங்களும் மும்முறை தலையாட்டியிருக்கிறோம்.

இங்கே வாசிக்கப்படுவதை அவர்களுக்கு எங்கள் விதுர்ஷா ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறார். இம்மடலின் இந்த இடம் வரைக்கும் உங்கள் இளமைப் பருவத்தைப் பற்றியே அவர்களிடம் கூறுவதென்று அவரோடு பேசி வைத்திருக்கிறோம். "ஒரு மனிசனுக்கு இவ்வளவு நீட்டுக்குச் சின்ன வயசு இருக்குமா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு மேல் நீட்ட முடியாது.

உண்மையை அவர்களிடம் நாங்களே சொல்லிவிடலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். நாங்கள் சொன்னால் அது முறைப்பாடு. நீங்கள் சொன்னால் அது அனுபவம். உங்களோடு சேர்த்து எங்களுக்கும் ஓய்வு கிடைத்துவிடலாம் என்பதையும் பேசிக்கொண்டோம். "அந்த லாண்ட்மாஸ்டருக்கு ட்ரைவர் இல்லையாம்" என்றார் உதயரூபன். மற்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள்; ஆயினும் இம்மடலில் எல்லோரும் கையொப்பமிட்டார்கள்.

பாராட்டு மடலில் ஒரு பாராட்டாவது இருக்க வேண்டும் அல்லவா. இதோ: யுத்தகாலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் எங்கள் கணக்காளர் திவாகரனைத் தனியே இறக்கி நிறுத்தியபோது, நீங்கள் வாகனத்தில் இருந்திருக்கலாம். இறங்கினீர்கள். என்ன சொல்வதென்று உங்களுக்கும் தெரியவில்லை. "இவர் என்ட ஆள்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, அவரை விடும்வரை வெயிலில் நின்றீர்கள். உங்களால் முடியாது என்று நாங்கள் நம்பாததற்குக் காரணம் அதுவே.

ஆகவே ஐயா, பொன்னாடையோடு ஏற்புரைக்கு எழும்போது எங்களுக்கு நன்றி கூற வேண்டாம். விருந்தினர் மூவரையும் நோக்கி, அவர்களுக்கு விளங்கும் ஆங்கிலத்தில், அது ஒரே காடென்றும், அது ஓர் ஊரின் துறையில் நிற்கிறதென்றும், அதனூடே இரண்டு தோணிக்கு வழி வேண்டுமென்றும் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை.

உண்டது செரிக்கவும், முழங்கால் மடங்கவும், உறங்கப்போகையில் உள்ளம் உறுத்தாதிருக்கவும், மவுறீன் அம்மையாரோடு நீங்கள் பல்லாண்டு வாழ வாவிக்கரைத் தெய்வங்களையும் தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் வேண்டி நிற்கிறோம்.

இலட்சுமிப்பிள்ளை அம்மா மண்டபத்தின் கடைசி வரிசையில் மகனோடு இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நீங்கள் சொன்னீர்களா இல்லையா என்பதை, முன்வரிசையில் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் திரும்பிப் பார்ப்பதிலிருந்து அவர் அறிந்துகொள்வார்.

என்றும் உங்கள் அன்பில் திளைக்கும்
அலுவலக ஊழியர்கள்,
கண்டல் காப்புப் பன்னாட்டுக் கூட்டிணைவுத் திட்டம்,
மட்டக்களப்பு.
ஆவணி, 2010