ஐம்பத்தெட்டுப் பேர் வந்த கூட்டம்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் என் நோட்டைத் தூக்கி மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். நகராட்சித் தொழிலாளர் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதற்கும் அதுதான் காரணம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், சாக்கடை அள்ளுகிறவர்களும் தெருக் கூட்டுகிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களுமாக முந்நூறு பேர் இருந்தோம். தீர்மானப் புத்தகத்தைத் தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவன் யார் என்று கேட்டபோது எல்லோரும் என்னைக் காட்டினார்கள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

தோழர்களே, இதை உங்கள் முன்னால் நின்று நானே வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதில் பாதி உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதி தெரிந்த பிறகு, முன்னால் தெரிந்ததும் வேறு மாதிரி தெரியும். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் கூட்டம் என்றால் நிற்க இடம் இருக்காது. சோப்பு, கையுறை, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் எல்லாம் கேட்டு வாங்கியது அப்போதுதான். வாங்கிய பிறகு நீங்கள் வருவதைக் குறைத்துவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. விடிவதற்கு முன் வேலைக்கு இறங்குகிறவர்களுக்குச் சாயங்காலம் ஆறு மணிக் கூட்டம் பெரிய தொல்லைதான். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நான் அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போடுவேன். பத்துப் பேர் வருவார்கள். அதில் மூன்று பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். மண்டபம் காற்று வாங்கும்.

சங்க விதிப்படி ஐம்பது பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். ஒரு மாதம், தெருக் கூட்டும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கேட்டு ஒரு தீர்மானம் போட வேண்டியிருந்தது. நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். வெளியே டீக்கடையில் நின்றிருந்த லாரி ஓட்டுநரைக் கூப்பிட்டேன்.

"என்னை எதுக்குண்ணே கூப்பிடுறீங்க? நீங்களே போட்டுக்குங்க. நீங்க போட்டா நாங்க போட்ட மாதிரிதான்" என்றார்.

அன்றைக்கு ஒன்பது பேருக்கு நானே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். கழிப்பறை வந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. நீலப் பேனா இரண்டு, கறுப்புப் பேனா ஒன்று வைத்திருந்தேன். சிலருடைய கையெழுத்து வலப்பக்கம் சாயும், சிலருடையது கோட்டை விட்டுக் கீழே இறங்கும். யாருக்கு எது என்று எனக்கு மனப்பாடம். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மைப் பெட்டி. ஒரே விரலை எல்லோருக்கும் வைத்தால் தெரிந்துவிடும் என்று விரல்களை மாற்றி மாற்றி வைப்பேன். பத்து விரலும் பத்துப் பேர். கால் விரல் வரைக்கும் போனதில்லை. அதற்குள் ஐம்பது நிறைந்துவிடும்.

நாள் போகப் போக உங்கள் முகத்தைவிட உங்கள் கையெழுத்துதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நீங்கள் வேலை முடிந்து உட்காரும் கொட்டகைகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போனால் குறை சொல்வீர்கள். பதிவேட்டில் நீங்கள் எந்தக் குறையும் சொன்னதில்லை. செயலாளர் என்பதால் எனக்கு வெளிவேலையிலிருந்து விலக்கு உண்டு. கடைசிப் பதினொரு வருடம் நான் சாக்கடையில் இறங்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுப் பழகிவிட்டது.

தெருக் கூட்டும் பிரிவில் நாம் 'மைக்' என்று கூப்பிடும் அந்தத் தங்கச்சி இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் சங்க அறைக்கு வந்தார். ஒலிபெருக்கி வைக்காமலே நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் அவருக்கு. துடைப்பத்தை வாசலில் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, கூட்டத்தை மத்தியானம் ரெண்டு மணிக்கு வைங்க. வேலை முடிஞ்சு எல்லாரும் கொட்டகையிலதான் இருப்பாங்க. நூறு பேரை நான் கூட்டிட்டு வர்றேன்."

"பாக்கலாம்மா."

"போன தடவையும் பாக்கலாம்னுதான் சொன்னீங்க. எப்பண்ணே பாப்பீங்க?"

நான் சிரித்து வைத்தேன். நேரத்தை மாற்றவில்லை. காரணம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆறு மணிக்கு வராத நூறு பேர் என் ஆட்கள். இரண்டு மணிக்கு வரப்போகும் நூறு பேர் அவருடைய ஆட்கள். வராதவர்களை வைத்துக்கொண்டு நான் காலம் தள்ளிவிடுவேன். வருகிறவர்கள் என்னை எங்கே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவர் சும்மா இருக்கவில்லை. கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பேசினார். அது நகராட்சிப் பொறியாளர் காதுவரைக்கும் போயிற்று. பொறியாளர் தன்மையான மனிதர். நான் போனால் உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார்.

"உங்க கூட்டத்துக்கு ஆளே வர்றதில்லையாமே. அந்தம்மா பின்னாலதான் எல்லாரும் போறாங்களாம். நாங்க இனிமே யார்கூடப் பேசுறது, சொல்லுங்க" என்றார்.

பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். கழிவுநீர் ஏற்று நிலையத்துக் கிணற்றைச் சுத்தம் செய்ய மூன்று பேர் போவது நம் வழக்கம். ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார். இரண்டு பேர் மேலே நின்று கயிற்றைப் பிடிப்பார்கள். இனிமேல் மேலே ஒருவர் போதும் என்று அந்தத் தாளில் இருந்தது. ஆள் எண்ணிக்கையைக் குறைப்பதற்குச் சங்கத்தின் பொதுக்கூட்டம் சம்மதிக்க வேண்டும் என்று நம் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. அந்த வரியை எழுதியவனும் நான்தான். அது வேறு காலம்.

அவர் என்னை மிரட்டவில்லை. "நல்ல கூட்டமா போட்டு ஒரு தீர்மானம் குடுங்க. சங்கம் இன்னும் உங்க கையிலதான் இருக்குன்னு மேலேயும் தெரியட்டும்" என்றார். நான் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்து முடித்தேன்.

அந்த மாதம் அறிவிப்புப் பலகையில் நான் அறிவிப்பு ஒட்டவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அறுபது நாற்காலிகளையும் எடுத்துப் போட்டேன். கை பழகியிருந்தது. யாரும் வரவில்லை. வரக்கூடாது என்றுதானே ஒட்டாமல் விட்டேன். அப்படியும் ஆறரை மணி வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா என்று தெரியவில்லை.

ஐம்பத்தெட்டுப் பேர் வந்ததாக எழுதினேன். கிணற்றில் இறங்குகிறவரின் பெயரும் இருந்தால் தீர்மானத்துக்கு எடை கூடும் என்று தோன்றியது. அதனால் நாம் 'குடை' என்று கூப்பிடுகிறவரைச் சேர்த்தேன். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வேலைக்கு வரமாட்டார், போகும்போது அதை எங்காவது மறந்து வைத்துவிட்டுப் போவார், அதனால்தான் அந்தப் பெயர். அவர் கைநாட்டுக்காரர் என்பது என் நினைவு. முப்பத்தொன்றாவது வரிசையில் அவருக்காக என் இடது கை மோதிர விரலை வைத்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, குடை கிணற்றில் இறங்கினார். மேலே ஒரே ஒருவர் இருந்தார். பாதி ஏணியில் விஷவாயு அடித்து இவர் நினைவிழந்தார். மேலே இருந்தவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். தனி ஆளாக மயங்கிய உடம்பைத் தூக்க முடியவில்லை. விட்டுவிட்டு ஆள் கூப்பிட ஓடினால் இவர் தண்ணீருக்குள் போய்விடுவார். அதனால் கயிற்றைப் பிடித்தபடியே கத்திக்கொண்டிருந்தார். பம்பு ஓடுகிற இடத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? ஓடிப்போய் ஆளைக் கூட்டிவர அங்கே மூன்றாவது ஆள் இல்லை. இருபது நிமிடம் கழித்து யாரோ வந்தபோது கயிற்றைப் பிடித்திருந்தவரின் உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. கட்டுப்போட்ட கைகளோடுதான் குடையின் சாவுக்கு வந்தார். அங்கே இரங்கல் உரை நிகழ்த்தியவன் நான். நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் வெறும் பொய்க் கையெழுத்துக்காரன்தான்.

பிறகு விசாரணை வந்தது. விசாரணை அதிகாரி சங்கப் பதிவேட்டைத் திறந்து, குடையின் மனைவி பக்கம் திருப்பினார். உங்கள் கணவரே கூட்டத்துக்கு வந்து இந்த முறைக்குச் சம்மதித்திருக்கிறாரே என்றார். அந்த அம்மா வெகு நேரம் அந்த மைத் தடத்தைப் பார்த்தார்.

"இது அவர் வச்சது இல்லைங்க. எங்க பொண்ணு அவருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்துச்சு. ஒரு வருசமா அவர் கைநாட்டே வைக்கிறதில்ல" என்றார்.

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது தெரியாது. என் சங்கத்து உறுப்பினர் ஒருவர் நாற்பத்தாறு வயதில் எழுதப் படித்துக்கொண்டது எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் சொன்னது வேறு.

"அன்னிக்கு அவசரத்துல இருந்தாரும்மா. பேனா கைக்கு அகப்படல. நான்தான் மைப் பெட்டிய நீட்டினேன். போகும்போது குடைய மறந்துட்டுப் போயிட்டாரு. பின்னாலயே ஓடிப்போய்க் குடுத்தேன்."

அந்த அம்மாவின் முகம் மாறியது. "ஆமாங்க, எங்க போனாலும் மறந்துடுவாரு" என்று சொல்லிவிட்டு அழுதார். என்னை நம்பிவிட்டார். தன் சாவுக்குத் தானே கை தூக்கியவர் தன் புருசன் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தொழிலாளர்கள் தாங்களே சம்மதித்த முறை, யார் மேலும் குற்றமில்லை என்று விசாரணை முடிந்தது. பொறியாளர் வெளியே வந்து என் தோளைத் தட்டினார்.

நம்பாதவர் மைக் ஒருவர்தான். கொட்டகையில் தினமும் கையெழுத்துப் போடுகிற வேலைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதில் குடையின் பெயர் பெரிய பெரிய எழுத்தில், குழந்தை எழுதியது போல, ஒரு வருடம் முழுக்க இருந்தது. பக்கத்தில் என் பதிவேட்டின் படத்தை வைத்தார்.

"அண்ணே, கைய நீட்டுங்க."

என் இடது மோதிர விரலில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று உண்டு. முன்பு சாக்கடை மூடியைத் தூக்கும்போது தகடு கிழித்தது. மைத் தடத்தின் நடுவே அது வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. இத்தனை வருடம் கைநாட்டு வைத்தவன் அதைக் கவனித்ததில்லை. மைக் குரலே எழுப்பவில்லை. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அவர் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்ட அன்னிக்குக் கொட்டகை முழுக்க மிட்டாய் குடுத்தாருண்ணே. எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியல."

வெட்கம் என்பதை அதுவரை நான் வெறும் வார்த்தையாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன். என் கையை என் வீட்டு மேசை மேல் வைக்கக்கூட எனக்குக் கூசியது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூட்டம். எல்லாத்தையும் எழுதி நீங்களே நின்னு படிங்க. அவங்க வீட்டம்மாவும் வருவாங்க. அவங்களுக்கு உங்க வாயால தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே சொல்கிறேன். குடை அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை. மூன்றாவது ஆளைக் கிணற்று மேட்டிலிருந்து எடுத்தவன் நான். அவர் சாவுக்கு நான் காரணம். செத்த பிறகு அந்தப் பழியை அவர் மேலேயே போட்டவனும் நான்தான்.

இப்போது மணி இரண்டேகால். சங்க அறையில் உட்கார்ந்து இதை முடிக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள். அறுபது நாற்காலியும் போதாமல் சன்னல் வரைக்கும் நிற்கிறீர்கள். பதிவேடு கைமாறிப் போகிறது, பேனா இல்லாதவர்கள் பக்கத்தில் கேட்டு வாங்குகிறீர்கள். இருநூறு பேருக்குமேல் இருக்கும். எப்படியோ என்னால்தானே இவ்வளவு பேர் கூடினார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்ததற்காக இதையும் எழுதுகிறேன்.

மைக் கதவைத் தட்டினார். "இதோ வர்றேம்மா" என்று எழுந்தேன். கதவிடுக்கில் முன்வரிசை தெரிந்தது. அந்த அம்மா மடியில் ஒரு குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகிறேன். பக்கத்திலேயே தீர்மானப் புத்தகம் இருக்கிறது. உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று இன்றைய பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். முன்னாள் செயலாளர் தம் வாக்குமூலத்தை உறுப்பினர்கள் முன் நின்று வாசித்தார். இறந்தவரின் மனைவி உட்பட அனைவரும் அவரை மன்னித்தனர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.